ரூ. 6,400 போச்சு: டேட்டா வசதி மல்டிமீட்டர் வாங்குறவங்க கவனிங்க

நேத்து சாயங்காலம்தான் கடையில இருந்து வந்தேன். வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

நான் யுபிஎஸ் பேட்டரி சர்வீஸ் பண்றவன். பேட்டரியை ராத்திரி முழுக்க லோடுல போட்டு வோல்டேஜ் எப்படி இறங்குதுன்னு பதிவு பண்ணணும். முதுகுல இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒளி) ஜன்னல் இருக்கிற, 22000 கவுண்ட் (அளவை அத்தனை படியா நுணுக்கமா காட்டுற) மல்டிமீட்டர் இதுக்குத் தோது. உள்ளே இஎஸ்51922ங்கிற அளக்குற சிப் இருந்தா, அளவை விநாடிக்குச் சுமார் ரெண்டு தடவை 14 பைட்டா, ஜன்னலுக்குள்ள இருக்கிற எல்இடியை மினுக்கி அனுப்பும். எதிரே ஒளியை உணர்ற ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டர் வச்சு, ஆர்டுயினோங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டுல படிச்சுக்கலாம். நடுவுல கம்பியே இல்லாததால போர்டுக்கும் ஆபத்தில்லை.

ரிச்சி தெருவுல அளவுக்கருவி விக்கிற ஒரு கடை. அங்கிருந்த பெரியவர் மீட்டரை ஆன் பண்ணி ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சார். திரையில டேட்டா அனுப்புறதைக் காட்டுற ஆர்எஸ்232 குறி வந்துச்சு. "பாருங்க தம்பி, டேட்டா வருது. கேபிள் மட்டும்தான் தனி." அந்தக் குறியைப் பாத்து நம்பினேன். 6,400 ரூபாயை எண்ணி அவர் கையில கொடுத்தேன்.

பதினெட்டு நாள் ஆர்டுயினோவோட போராடினேன். டேட்டா வர்ற வேகம், முறை (19200 பாட், 7 பிட், பிழை பிடிக்கிற ஆட் பாரிட்டி) எல்லாம் சரியா வச்சேன். ஆர்டுயினோவோட சாஃப்ட்வேர் சீரியலுக்குப் (கோடு வழியா டேட்டா வாங்குற முறை) பாரிட்டி வராதுன்னு, போர்டுலயே இருக்கிற ஹார்ட்வேர் சீரியலுக்கும் மாறினேன். ஒரு எழுத்து வரல. என் கோடுலதான் தப்புன்னு தூக்கமில்லாம உக்காந்திருந்தேன். கடைசியில, இன்ஃப்ராரெட் தெரியுமேன்னு மொபைல் முன்கேமராவுல பாத்தேன். டிவி ரிமோட் ஊதாவா மினுக்குது, மீட்டர் ஜன்னல் இருட்டு. மூடியைக் கழட்டினா, எல்இடி இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ஓட்டை. பத்தவச்ச தடமே இல்ல. அதை ஓட்டுற டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் இடமும் காலி.

கடைக்குப் போன் பண்ணா முதல்ல "உங்க போர்டு கோளாறு"ன்னாங்க. போட்டோ அனுப்பினேன், "ஓனர் வெளியூர்"னாங்க. நேர்ல போனேன், "மூடியைத் திறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது." திறக்காம எப்படிய்யா தெரியும்? பெரியவர் என் முகத்தையே பாக்கல. 6,400 ரூபாய், எனக்கு ஒரு வாரச் சம்பாத்தியம்.

வாங்கப் போறவங்க திரையில வர்ற குறியை நம்பாதீங்க. கடையிலயே முன்கேமராவை ஜன்னல் கிட்ட வச்சு, உள்ளே மினுக்குதான்னு பாருங்க. பில்லுல "டேட்டா அவுட்புட் உண்டு"ன்னு எழுதி வாங்குங்க, என் பில்லுல "மீட்டர் 1"னு மட்டும்தான் இருக்கு.