மொட்டை மாடிக்கு எந்தத் தொகுப்பு: முத்துசாமியா, இ.பா.வா?

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை நாடகம் வாசிக்கிறோம். நடிப்பதில்லை, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டு வாசிப்பது மட்டும்தான். எட்டுப் பேர், அதில் மூன்று பெண்கள், யாருக்கும் மேடை அனுபவம் கிடையாது. முதல் ஆறு மாதம் ஒரு நண்பர் இரவல் கொடுத்த ந. முத்துசாமி நாடகத் தொகுப்பை வைத்து ஓட்டினோம், நடுநடுவே நூலகத்திலிருந்து எடுத்து வந்த இந்திரா பார்த்தசாரதி (இ.பா.) நாடகங்கள். நண்பர் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டதும்தான் பிரச்சினை. ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் போட்டால் சொந்தமாக ஒரு தொகுப்பு வாங்கலாம், ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்குவது? கடைசியில் தமுக்கம் புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதக் கழிவில் இ.பா.வை வாங்கி வந்துவிட்டோம். ஏன் என்று கேட்டவர்களுக்காக இது.

இரண்டு பேரையும் பெரிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முத்துசாமி புஞ்சைக்காரர், 1960களின் கடைசியில் ‘நடை’ இதழில் ‘காலம் காலமாக’ எழுதி ஆரம்பித்தவர், 1977-இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியவர். இ.பா. கும்பகோணத்துக்காரர், டெல்லியில் பேராசிரியர், ‘இராமானுஜர்’ நாடகத்துக்காக 1999-க்கான சரஸ்வதி சம்மான் வாங்கியவர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவரும் இவர்தான். 1918-இல் இதே மதுரையில் பையன்களை வைத்து நாடக சபா நடத்திய சங்கரதாஸ் சுவாமிகளேதான். அதனால் எங்கள் ஊர்க் கணக்கில் இ.பா.வுக்கு அரை மார்க் கூடுதல் என்று ஒருவர் வாதாடினார். அதையெல்லாம் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது ஒரு கண் ஆபரேஷன்.

எங்கள் பெரியப்பாவுக்குப் புரை எடுத்திருந்தார்கள். படிக்கக் கூடாது, வெளிச்சம் ஆகாது. வீட்டிலும் சும்மா இருக்க முடியவில்லை, பச்சைத் துணி மாட்டிக்கொண்டு மாடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ வாசித்த அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, “இப்ப யாருப்பா பேசுறது?” சரி, பாத்திரத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வசனத்தை வாசிப்போம் என்று மாற்றினோம். அப்புறம், “பேசாம இருக்காங்களே, என்ன செய்றாங்க?” என்று கேட்டார். அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளை வாசிக்கத் தனியாக ஒருவரை உட்கார வைத்தோம். குறிப்பு வாசிக்கிற நேரத்தில் வசனத்தின் சூடு ஆறிப்போனது. முத்துசாமியின் எழுத்தில் பாதி நாடகம் நடிகரின் முதுகிலும் முழங்காலிலும் இருக்கிறது, அதைத் தாளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இரண்டு வாரம் கழித்து இ.பா.வின் ‘ஔரங்கசீப்’. பெரியப்பா ஒரு முறைகூட யார் பேசுவது என்று கேட்கவில்லை. ஷாஜகானை வாசித்தவர் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணன். அவர் வாசிப்பில் மொகலாயச் சக்கரவர்த்தி அசல் மதுரைக்காரராகத்தான் பேசினார், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1657-இல் ஷாஜகான் நோயில் விழுகிறார், பிள்ளைகளுக்குள் பதவிச் சண்டை, மூத்த மகள் ஜஹனாரா, மூத்த மகன் தாராவின் பக்கம்; இன்னொரு மகள் ரோஷனாரா, ஔரங்கசீப் பக்கம். நம் ஊரில் அப்பா படுத்த படுக்கையானதும் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தேடுகிற எந்த வீட்டுக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ரோஷனாராவை வாசித்த பெண், இடைவேளையில் டீ குடிக்கும்போதும் ஜஹனாராவை வாசித்தவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்கு இன்னொருவரும் வந்திருந்தார். திருவிழா சீசனில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர், எங்கள் தெருதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அண்ணே, எல்லாருமே படிச்ச ஆளு பேசுற மாதிரியே பேசுறாங்களே” என்றார். உண்மைதான். இ.பா.விடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் அதுவே. சேவகனும் சக்கரவர்த்தியும் கிட்டத்தட்ட ஒரே நடையில்தான் வாதாடுகிறார்கள், எல்லோருக்கும் ஒரு பேராசிரியர் வசனம் எழுதிக் கொடுத்தது போல. அப்படியானால் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு மட்டும் எப்படி ஆள் தெரிந்தது? இதை ரொம்ப நாள் யோசித்தேன். பேச்சு ஒன்றானாலும் ஆசை வேறு வேறு. தாராவுக்கு வேண்டியது ஒன்று, ஔரங்கசீப்புக்கு வேண்டியது வேறு, கிழவருக்கு வேண்டியது இரண்டுமே இல்லை. வாயைத் திறந்ததும் இவருக்கு என்ன வேண்டும் என்பது காதுக்குப் புரிந்துவிடுகிறது. ‘நந்தன் கதை’யிலும் அப்படித்தான், யார் யார் எதற்காகக் கைகோக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. தலைப்புகளை வரிசையாகப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒரு பக்கம் ‘ஔரங்கசீப்’, ‘இராமானுஜர்’, ‘நந்தன் கதை’. இன்னொரு பக்கம் ‘நாற்காலிக்காரர்’, ‘அப்பாவும் பிள்ளையும்’, ‘சுவரொட்டிகள்’, ‘கட்டியங்காரன்’. ஒருவர் பெயருள்ள ஆளைப் பிடிக்கிறார், மற்றவர் ஆளின் நிலையைப் பிடிக்கிறார். நிலையைக் காட்ட உடம்பு வேண்டும். எங்கள் மாடியில் இருப்பது எட்டுக் குரல்கள், அவ்வளவுதான்.

ஆனால் அதே ஆர்மோனியக்காரர், பழைய ஜெராக்ஸ் தாளில் கிடந்த முத்துசாமியின் ஒரு பக்கத்தை எடுத்து முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, “இது கையில தாளத்தை வச்சுக்கிட்டுச் சொல்ல வேண்டியதுண்ணே, நீங்க பேப்பர் படிக்கிற மாதிரி படிச்சீங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. முத்துசாமிக்குக் கண்ணைத் திறந்துவிட்டது புரிசை ஊர்த் தம்பிரான் குடும்பத்தாரின் தெருக்கூத்து. அது செய்யாறு பக்கம், வடக்கத்திக் கூத்து. நம் பக்கம் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் (நாயகன் வேடம்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) ஓர் ஊர், ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து விடிய விடியத் தர்க்கம் பண்ணுவார்கள். முருகனும் வள்ளியும் மாறி மாறி மடக்குவதைக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. வாதத்துக்கு வாதம் வைக்கும் இ.பா. இந்தக் காதில் சட்டென்று ஏறிவிடுகிறார். ஆக, எங்கள் தேர்வில் முத்துசாமி தோற்றார் என்றால் அதில் எங்கள் காதின் பழக்கமும் பாதி காரணம். புரிசைப் பக்கத்துக்காரர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து வாசித்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம்.

பராமரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனமான தொகுப்பை வாசிப்புக் கூட்டத்துக்கு வாங்கினால் எப்படியும் ஜெராக்ஸ் எடுத்தாக வேண்டும், எட்டுப் பேரும் ஒரே புத்தகத்தை எட்டிப் பார்க்க முடியாது. கடைப் பையன் புத்தகத்தைக் குப்புறப் போட்டு உள்ளங்கையால் முதுகில் ஓர் அமுக்கு அமுக்குவான், அந்தச் சத்தத்திலேயே பாதி பைண்டிங் போய்விடும். அமுக்காமல் எடுத்தால் நடு மடிப்பில் வசனத்தின் முதல் இரண்டு எழுத்துகள் காணாமல் போகும். எங்கள் ரோஷனாரா ஒரு பக்கம் முழுக்க எழுத்தை ஊகித்தே வாசித்தார், ‘மானம்’ என்று வாசித்த ஓர் இடம் ‘அவமானம்’ என்று பிறகு ஒரிஜினலைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இப்போது நான் செல்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துத்தான் அச்சடிக்கிறேன். ஒரு நாடகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, புத்தகம் பிழைத்துக்கொள்கிறது. உங்களுக்கு வாசிக்க வேண்டியது ஒரே ஒரு நாடகம் என்றால் தொகுப்பு வேண்டாம், தனிப் புத்தகமே போதும். கே.ஏ. குணசேகரனின் ‘பலியாடுகள்’ அப்படி ஒல்லியாகக் கிடைத்துத்தான் நாங்கள் வாசித்தோம், நன்றாகவே போனது.

நாடக இயக்குநர் முருகபூபதியை ஏன் விட்டீர்கள் என்று கோவில்பட்டி நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவருடைய மணல்மகுடி குழுவின் ஒரே ஒரு நிகழ்வைத்தான் பார்த்திருக்கிறேன், பிரதியை உட்கார்ந்து வாசித்ததில்லை. பார்த்த வரைக்கும் அது மண்ணும் முகமூடியும் உடம்புமாக இருந்தது, எங்கள் மாடிக்கு முத்துசாமியைவிடக் கஷ்டம் என்று தோன்றுகிறது. இதை என் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்லூரியில் நாடகக் குழு வைத்திருக்கிறீர்கள், இடம் இருக்கிறது, வியர்க்க வியர்க்க ஒத்திகை பார்க்கப் பையன்கள் இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் முத்துசாமியை வாங்குங்கள். இ.பா.வின் நீளமான வாக்குவாதங்களை மேடையில் நின்றபடி தாங்குவது புது நடிகர்களுக்குச் சிரமம், கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. தனியாக உட்கார்ந்து படிக்கிறவருக்கும், எங்களைப் போல் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கும் இ.பா.தான்.

அடுத்த மாதம் ‘இராமானுஜர்’. வாசித்து முடித்த மறுநாள் மேலூர், திருப்பத்தூர் வழியாகத் திருக்கோஷ்டியூர் போய், அவர் ஊருக்கெல்லாம் கேட்கும்படி மந்திரம் சொன்னதாகச் சொல்கிற இடத்தில் ஏறிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பெரியப்பாவின் கண் சரியாகிவிட்டது, முழங்கால்தான் ஏற விடாது. “நீங்க மேல நின்னு சத்தமா வாசிங்க, எனக்குக் கீழ கேட்குதான்னு பாப்போம்” என்கிறார்.