ஒன்றரை ஏக்கரில் எட்டு வருடம் உரம் போட்ட கதை

வீடு திருவொற்றியூர், நிலம் மீஞ்சூர் தாண்டி, மாமனார் வழியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துப் போய் நெற்பயிர் பார்க்கிற ஆள் நான். அதனால் முதல் ஆறு வருடம் மூட்டையை நம்பியே ஓட்டினேன்: அடியுரம் டிஏபி (தழைச்சத்தான நைட்ரஜனும் மணிச்சத்தான பாஸ்பரஸும் சேர்ந்தது), மேலுரம் யூரியா, ஞாபகம் வந்தால் பொட்டாஷ்.

ஆரம்பத்தில் குறையே இல்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, போட்ட அடுத்த வாரம் போனால் பயிர் கருகருவென்று நிற்கும். ஆனால் மூன்று போகத்திலும் அது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பனிக்காலத்தில் நடும் நவரையில்தான் நன்றாகப் பிடிக்கும், அந்தத் தைரியத்தில் கூடப் போட்டால் பனிக்குக் குலை நோய் வந்து உட்காரும். கோடைப் போகமான சொர்ணவாரியில் சூடேறித் தேங்கிய தண்ணீரில் வீசினேன், நல்ல பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விட்டது. சம்பாவில் வீசிய மறுநாளே ஐப்பசி மழை, உரம் மடை வழியாக வாய்க்காலுக்கு. பயிர் வெளுத்ததும் என்ன செய்தேன்? இன்னொரு மூட்டை. 45 கிலோ 300 ரூபாய்க்குள் கிடைத்தால் கை அடங்குமா!

மண் மாறியது நாலாவது வருடம்தான் கண்ணில் பட்டது. சித்திரையில் கட்டியை மண்வெட்டியால் தட்டினால் டங்கென்று சத்தம், உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மண்புழு ஓட்டைகூட இல்லை. வரப்போரம் வெள்ளையாக உப்பு. அதற்கு உரத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை, எங்கள் போர்த் தண்ணீரே கரிக்கும்.

அப்புறம் நட்ட மூன்றாம் வாரம் இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி புள்ளி. மருந்துக்கடைக்குக் கிளம்பிய என்னைப் பக்கத்து வயல் பெரியவர் நிறுத்தி, "மருந்து வேணாம் தம்பி, துத்தநாகம் கேக்குது" என்றார். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம்; மணிச்சத்து அதிகம், துத்தநாகமும் கரிமச்சத்தும் குறைவு. டிஏபியாக நான் கொட்டிய மணிச்சத்தே துத்தநாகத்தை வேருக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறது.

இரண்டு வருடமாகச் சொர்ணவாரி நெல் கிடையாது. அந்த இடைவெளியில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுகிறோம். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, டிஏபி போடுவது மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துத்தான். யூரியாவை விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை, இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தண்ணீரை வடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுகிறேன். மூட்டைக் கணக்கு பாதியாகிவிட்டது.

இந்தச் சித்திரையில் கட்டி லேசாகத் தட்டினாலே உதிர்ந்தது. மேற்கு மூலை மட்டும் இன்னும் டங்.