எழுதுவது பற்றிய அமர்வா, ரசிப்பது பற்றியதா?

1939-இல் நியூயார்க்கில் தொடங்கிய வேர்ல்ட்கான் போன்ற அறிவியல் புனைவு மாநாடுகளில் இதுதான் தலைவலி: ஒரே நேரத்தில் ஓர் அறையில் எழுதும் நுட்பம் பற்றிய கலந்துரையாடல், பக்கத்து அறையில் வாசகர்களின் அரட்டை.

எழுத்து அமர்வில் உருப்படியான சரக்கு கிடைக்கும். சூரியனுக்கு அடுத்துள்ள நட்சத்திரமே சுமார் 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, அங்கே போன கப்பலிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் பதில் வர எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும், அப்படியென்றால் தலைமையகத்தின் உத்தரவுக்குக் காத்திருக்கும் கேப்டன் என்ற பாத்திரமே செல்லாது என்று ஒருவர் சொல்லும்போது நம் கதையின் பாதி அங்கேயே சரிந்துவிடும். நல்லதுதான். ஆனால் சில எழுத்தாளர்கள் பெயர்ப்பலகைக்கு முன்னால் தங்கள் புத்தகத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, எதைக் கேட்டாலும் அதைப் பற்றியே பேசுவார்கள்.

ரசிகர் அமர்வில் அந்தத் தொல்லை குறைவு, விற்க யாரிடமும் ஒன்றும் இல்லை. கதையில் வரும் மாயவித்தைக்கு விதிகள் வேண்டுமா, விதி வந்துவிட்டால் அப்புறம் அதில் என்ன மாயம் என்று தொண்டை கிழியச் சண்டை போடுவார்கள். ஒருவர் ஏன் நடுவில் புத்தகத்தை மூடி வைத்தார் என்பது எழுதுகிறவனுக்கும் பாடம்தான், அதை எழுத்து அமர்வில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கையில் பாதி எழுதிய கதை இருந்தால் முதலாவது. இல்லையென்றால் என் ஓட்டு இரண்டாவதுக்கே. எதுவானாலும் நெறியாளர் யார் என்று முதலில் பாருங்கள். 'கேள்வி இல்லை, ஒரு கருத்து' என்று எழுந்திருப்பவரை உட்காரவைக்கத் தெரியாதவர் என்றால், சரி, டீ குடிக்கப் போய்விடலாம்.