நோட்ஸ் வாசிக்கப் பழக்க எது நல்ல வழி: மனப்பாட வாக்கியமா, மிடில் சி-யா, அடையாள நோட்டா?

கீபோர்டு, பியானோ வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மேற்கத்திய இசையின் நோட்ஸை (ஸ்வரக் குறிகளை) எழுதும் ஐந்து கோடுகளைப் படிக்கச் சொல்லித்தரும் வழிகள் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். எந்த வழியில் போனாலும் முதல் மாதத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு வருடம் கழித்து, பார்த்திராத ஒரு தாளை முன்னால் வைக்கும்போதுதான் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்தது வாக்கிய வழி. மேல் ஸ்வரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃப் கோடுகளுக்குக் கீழிருந்து 'எவ்ரி குட் பாய் டஸ் ஃபைன்'; முதலெழுத்துகளான ஈ, ஜி, பி, டி, எஃப்தான் நோட் பெயர்கள். இடைவெளிகளுக்கு 'ஃபேஸ்' (எஃப், ஏ, சி, ஈ). கீழ் ஸ்வரங்களுக்கான பேஸ் கிளெஃபுக்கு இன்னும் இரண்டு வாக்கியங்கள். ஒரே வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். தியரி பேப்பரில் நோட் பெயர் எழுத இது தாராளமாகப் போதும். வாசிக்க உட்காரும்போதுதான் சிக்கல். நான்காவது கோட்டில் ஒரு டி வருகிறது. பிள்ளையின் உதட்டைக் கவனியுங்கள்: எவ்ரி, குட், பாய், டஸ்... கீழ்க்கோட்டிலிருந்து எண்ணி ஏறி, 'டி' என்று கண்டுபிடித்து, பிறகு அந்தக் கட்டையைத் தேடி அழுத்துகிறது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால், ஒரு தட்டு நீளமுள்ள நோட்டான க்ராட்செட்டுக்குக் கிடைப்பது ஒரே விநாடி. அதற்குள் பாட்டு போயே போய்விடும். இதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு நோட்டும் தனித்தனிப் புதிராகிவிடுவது. முந்தைய நோட்டைவிட இது மேலேயா கீழேயா, எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் தாளில் கண்ணெதிரே இருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை அதைப் பார்ப்பதே இல்லை.

நோட்டுக்குக் கீழே பென்சிலால் எழுத்தை எழுதிக் கொடுப்பதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை. எழுத்து இருந்தால் கண் அதைத்தான் படிக்கும்.

அடுத்தது, கீபோர்டின் நடுவில் இருக்கும் சி கட்டையான மிடில் சி-யை மையமாக வைக்கும் வழி. அமெரிக்காவில் ஜான் தாம்சனின் 1936ஆம் வருடத் தொடக்கநிலைப் புத்தகம் இதைப் பரவலாக்கியது. இரண்டு கட்டைவிரலும் மிடில் சி-யில். வலது கை அங்கிருந்து மேலே ஐந்து நோட்ஸ், இடது கை கீழே ஐந்து. இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. இரண்டாவது மூன்றாவது வகுப்பிலேயே பிள்ளை இரண்டு கையாலும் ஒரு மெட்டு வாசித்துவிடும், இரண்டு கிளெஃபும் தொடக்கத்திலேயே பழகிவிடும். ஆனால் பிள்ளையின் மனதில் ஜி என்றால் 'அஞ்சாவது விரல்' என்று பதிந்துவிடுகிறது. கட்டைவிரல் ஜி-யில் தொடங்கும் ஒரு பாட்டை வையுங்கள். ஜி-யைப் பார்த்ததும் சுண்டுவிரல்தான் இறங்கும். அது படித்தது நோட்டை அல்ல, விரல் எண்ணை.

என் ஓட்டு மூன்றாவதற்கு. 1950களில் அமெரிக்க ஆசிரியை ஃபிரான்சிஸ் கிளார்க் வளர்த்தெடுத்த அடையாள நோட் வழி இது. வழி கேட்டவரிடம் நாம் கதவு எண்ணையா சொல்கிறோம்? 'தண்ணி டேங்க் தாண்டி ரெண்டாவது சந்து' என்கிறோம். இதுவும் அப்படித்தான். மிடில் சி ஒன்று. ட்ரெபிள் கிளெஃபின் சுருள் சுற்றி வளைக்கும் இரண்டாவது கோட்டில் ஜி. பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோட்டில் எஃப். இந்த மூன்று மட்டும் கண்ணில் பதிந்தால் போதும். மிடில் சி-யை ஒன்று என்று வைத்து மேலே எண்ணினால் ஐந்தாவது ஜி, கீழே எண்ணினால் ஐந்தாவது எஃப்; கண்ணாடி பிம்பம் மாதிரி. மற்றதெல்லாம் தூரக் கணக்கு. கோட்டிலிருந்து அடுத்த இடைவெளி என்றால் பக்கத்துக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோடு என்றால் நடுவில் ஒன்றைத் தாண்ட வேண்டும். கிளார்க் முதலில் கோடே போடாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டி, பிறகு ஒன்றிரண்டு கோடுகளாகச் சேர்த்துக்கொண்டு போவார். பிள்ளை பெயரைச் சொல்லாமலேயே 'ஏறுது, ஏறுது, தாண்டுது, இறங்குது' என்று வாசிக்கத் தொடங்கும்.

இதிலும் குறை உண்டு. ஓரிடத்தில் தூரத்தைத் தப்பாகக் கணித்தால் அடுத்தடுத்த நோட்ஸ் அத்தனையும் ஒரு கட்டை தள்ளிப்போகும். அடையாள நோட் வரும் இடத்தில் நின்று சரிபார்க்கப் பழக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் நகரும். 'இன்னும் ஒரு பாட்டுக்கூட வாசிக்கலையே மிஸ்' என்று அம்மாக்கள் கேட்பார்கள். அந்த இரண்டு மாதத்துக்குப் பொறுமை வேண்டும், ஆசிரியருக்கும்தான்.

நம் ஊருக்கே உரிய நான்காவது வழி, சி-யை ச என்று வைத்து ச ரி க ம சொல்லித்தருவது. பாட்டு வகுப்புக்கும் போகும் பிள்ளைக்கு இது குழப்பம். தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை அது மாயாமாளவகௌளை ராகத்தில் பாடிப் பழகியிருக்கிறது. கோட்டில் சும்மா எழுதிய டி-யோ சதுச்ருதி ரிஷபம். அந்தப் பிள்ளையின் காதில் ரி என்பது டி ஃப்ளாட், அதாவது டி-க்கு ஒரு படி கீழே உள்ள கறுப்புக் கட்டை. அதோடு 5 கட்டை சுருதியில் பாடும் பெண்ணுக்கு ச என்பதே ஜி. ஆனால் தாட்டு வரிசை பாடிய பிள்ளைக்கு ஸ்வரத்தைத் தாண்டுவது தொண்டையிலேயே இருக்கிறது. அந்த அறிவை அடையாள நோட் வழியோடு சேர்த்தால் தூரம் சட்டென்று பிடிபடும். ஐந்து கோட்டுக்கும் நம் சங்கீதத்துக்கும் ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1890களிலேயே சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் தியாகராஜர் கீர்த்தனைகளை அதில் எழுதி அச்சிட்டிருக்கிறார்.

கிரேடு பரீட்சைக்கு இரண்டே மாதம் இருக்கிறது என்றால் வழியை மாற்றாதீர்கள், இருப்பதை வைத்து ஒப்பேற்றுங்கள். நேரம் இருக்கிறவர்கள் மாற்றுவது நல்லது. பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் பியானோ செய்முறைத் தேர்வில் 150-க்கு 21 மதிப்பெண், பார்த்திராத தாளைப் பார்த்து வாசிப்பதற்கு. தயாராகக் கிடைப்பது அரை நிமிடம். உங்கள் பிள்ளை எந்த வழியில் படிக்கிறது என்று தெரிய வேண்டுமா? பார்த்தே இராத நான்கு பார் (செங்குத்துக் கோடுகளுக்கு இடையே உள்ள பகுதி) இசையை முன்னால் வைத்துவிட்டு விரலைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள். கண் தாளிலேயே முன்னோக்கி ஓடினால் கவலை இல்லை. ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தடவை கட்டைக்கு இறங்கி ஏறினால் ஆசிரியரிடம் பேசுங்கள்.