முன் ஆக்சில் வேலை செய்யாத ஜிப்ஸியை 'ஃபோர் பை ஃபோர்' என்று விற்கிறார்கள்: ஓர் எச்சரிக்கை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பழைய மாருதி ஜிப்ஸி தேடிக்கொண்டிருப்பவர்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்கு சக்கரங்களும் இழுக்கும் 'ஃபோர் பை ஃபோர்' என்று ₹4.8 லட்சத்துக்கு எனக்கு விற்கப்பட்ட 2010 மாடல் ஜிப்ஸியில், எஞ்சினின் இழுவை முன் சக்கரங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. அது தற்செயலான பழுதும் அல்ல. இருந்த பழுது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே உள்ளிருந்த பாகங்கள் கழற்றி எடுக்கப்பட்டிருந்தன. அதைச் சரிசெய்து தருவதாக வண்டியை வாங்கிக்கொண்ட பணிமனையும் தன் பங்குக்கு ஏமாற்றியது. இரு தரப்பின் மீதும் புகார் நிலுவையில் இருப்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். நடந்த விதத்தில் எதையும் தவிர்க்கவில்லை.

1985-இன் இறுதியில் அறிமுகமான ஜிப்ஸி, 1996-இல் 1300 சிசி எஞ்சினுடன் 'கிங்' ஆகி, 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனையிலிருந்து விடைபெற்றது. அதன் இடத்துக்கு 2023 ஜூனில் வந்த ஜிம்னியின் விலையே ₹12.74 லட்சத்தில்தான் தொடங்கியது. ஆகவே ஆஃப் ரோடு ஓட்ட ஆசைப்படும் நடுத்தர வருமானக்காரர்கள் பழைய ஜிப்ஸியைத் தேடித்தான் போகிறார்கள். ஆட்டோ கன்சல்டிங் (பழைய வண்டி வியாபாரம்) நடத்துபவர்களுக்கும் இது தெரியும். அதனால் வண்டியின் அடிப்பாகத்தில் செலவழிக்க வேண்டிய பணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெளித்தோற்றத்தில் போட்டு, விலையை ஒன்றரை மடங்காக்கி விடுகிறார்கள். எனக்கு வந்த வண்டியில் மேட் பச்சைப் பெயின்ட், கறுப்பு இரும்பு பம்பர், அதில் சிவப்பு நிறத்தில் இரண்டு இழுவைக் கொக்கிகள், கூரையில் எல்.இ.டி. விளக்கு வரிசை, மட் டெரைன் டயர்கள் என்று எல்லாமே இருந்தன. விளம்பரத்தில் 'ஃபோர் பை ஃபோர் நூறு சதவீதம் பக்கா' என்று எழுதியிருந்தார்கள்.

விற்றவர் கையாண்ட உத்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவரம் தெரிந்தவரைத்தான் அது எளிதில் வீழ்த்தும். ஓட்டிப் பார்க்கும்போது அவர் பக்கத்தில் அமர்ந்து, இழுவையை முன் சக்கரங்களுக்கும் திருப்பிவிடும் டிரான்ஸ்ஃபர் லீவரை டூ ஹெச்சிலிருந்து (பின் சக்கரங்கள் மட்டும்) ஃபோர் ஹெச்சுக்கு (நான்கு சக்கரங்களும்) தானே தள்ளிக் காட்டினார். டேஷ்போர்டில் ஃபோர் வீல் டிரைவ் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்படியே ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டபோது, "தார் ரோட்டுல ஃபோர் ஹெச் போட்டு ஓட்டக் கூடாதுங்க, உள்ள இருக்கற கியரெல்லாம் இறுகிப் போயிரும்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஜிப்ஸியில் முன் பின் ஆக்சில்களுக்கு இடையே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் சுழல வேண்டியிருக்க, டயர் வழுக்க இடம் தராத தார்ச்சாலையில் அந்த வேறுபாடு முழுவதும் ஷாஃப்டுகளில் முறுக்கமாகச் சேரும். இந்த உண்மையையே மறைப்பாக வைத்து, நகரின் நடுவே உள்ள கடையிலிருந்து தார்ச்சாலையில் மட்டும் ஓட்டிக் காட்டி, சோதிக்கும் வாய்ப்பையே இல்லாமல் செய்துவிட்டார். அந்த விளக்கோ, டிரான்ஸ்ஃபர் கேஸில் (இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் கியர் பெட்டி) லீவர் நகர்ந்ததை அறிந்து எரிவது மட்டுமே. அதற்கு அப்பால், இழுவையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும், அதை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும், ஆக்சிலோடு சக்கரத்தைக் கோக்கும் ஹப்பும் என்ன நிலையில் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது.

விஷயம் வெளிவந்தது நண்பர்களுடன் சென்ற ஒரு குழுப் பயணத்தில். பொள்ளாச்சிக்குக் கிழக்கே, உரிமையாளரின் அனுமதி பெற்ற தனியார் நிலத்தில் ஓடும் வறண்ட ஓடை அது. (காட்டு எல்லைக்குள் வண்டியை இறக்கும் குழுக்களோடு நாங்கள் சேர்வதில்லை.) அனுபவமுள்ளவரின் வண்டி முன்னேயும், மீட்புக் கருவிகள் உள்ள வண்டி கடைசியிலும், புதிய வண்டிகள் நடுவிலும் செல்வதுதான் எங்கள் முறை, முன்னால் போனவர் ஏறி முடித்து வாக்கி டாக்கியில் குரல் கொடுக்கும் வரை அடுத்தவர் நகர மாட்டார். டயர்களில் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, இரண்டு ஹப்புகளையும் லாக் நிலைக்குத் திருகி, ஃபோர் எல்லில் (நான்கு சக்கரங்களும் மெதுவாக, கூடுதல் விசையோடு சுழலும் நிலை) போட்டு மணல் கரையை ஏறத் தொடங்கினேன். பின் சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கின, வண்டி நகரவில்லை. வெளியே நின்று வழிகாட்டிய நண்பர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, "முன் வீல் ரெண்டும் அசையவே இல்லீங்க" என்றார். கிளட்சை விட்டபோதெல்லாம் பின் டயர்கள் மணலை வாரி இறைக்க, முன் டயர்களின் பள்ளங்களில் ஒட்டியிருந்த ஈர மண் கூடப் பெயராமல் அப்படியே இருந்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அங்கேயே பிடிபட்டது. முன்னால் நின்ற வண்டியிலிருந்து ஸ்னாட்ச் ஸ்ட்ராப்பை என் பம்பரின் சிவப்புக் கொக்கியில் மாட்டுவதற்கு முன், மீட்பு வண்டிக்காரர் வழக்கப்படி தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். கொக்கி சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பிணைக்கப்படவே இல்லை. மெல்லிய தகட்டால் செய்த பம்பரின் முகப்பில் இரண்டு சிறு போல்ட்டுகளால் முடுக்கப்பட்டு, தகடு கிழிந்த இடத்தில் பட்டி தேய்த்துப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. அவர் நகத்தால் சுரண்டியதும் அது பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஸ்னாட்ச் ஸ்ட்ராப் என்பது ரப்பர் போல நீண்டு, சேமித்த விசையை ஒரே நொடியில் வெளிவிடும் பட்டை. அந்த விசையில் பெயர்ந்து பறக்கும் இரும்புக் கொக்கி கண்ணாடியைத் துளைத்து ஓட்டுநரைக் கொன்ற விபத்துகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. கடைசியில் பின்பக்கமாகச் சேசிஸ் குறுக்குச் சட்டத்தில் சங்கிலி சுற்றி, மெதுவாக வின்ச் (கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்கும் கருவி) வைத்து வண்டியை வெளியே எடுத்தோம்.

உக்கடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் முன் ஆக்சிலைப் பிரித்தார். ஹப் மூடியைக் கழற்றியதும், டயலைத் திருகும்போது முன்னும் பின்னும் நகர்ந்து ஆக்சில் ஷாஃப்டையும் சக்கரத்தையும் கோக்க வேண்டிய பல் வளையம் இரண்டு பக்கமும் இல்லை. கிரீஸ் மட்டும் புதிதாகவும் சுத்தமாகவும் அடைக்கப்பட்டிருந்தது. டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கியபோது அதற்கான காரணம் விளங்கியது. வெள்ளி ஜரிகை போல மினுங்கும் இரும்புத் துகள்களோடு, டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பல் துண்டு ஒன்றும் தட்டில் வந்து விழுந்தது. வளையங்கள் இருந்திருந்தால் ஹப்பை லாக் செய்து ஓட்டிய உடனே உடைந்த பற்கள் கடகடவென்று காட்டிக் கொடுத்திருக்கும். ஆகவே உடைந்ததைச் சரிசெய்யாமல் சத்தத்தை மட்டும் ஒழித்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மணல் ஓடை தேவையில்லை. ஒரு ஜாக்கியும் சக்கரத்துக்கு வைக்க நான்கு கட்டைகளும் போதும். எஞ்சினை அணைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹப்புகளை லாக் செய்து, லீவரை டூ ஹெச்சில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால், அடியில் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கூடவே சுழல வேண்டும். பிறகு லீவரை ஃபோர் ஹெச்சுக்கு மாற்றி, முதல் கியரிலும் போட்டுவிட்டால், அதே சக்கரம் சிறிது ஆடி நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுழன்றால் எங்கோ ஓர் இணைப்பு இல்லை என்று பொருள். மறுபக்கச் சக்கரத்திலும் இதையே செய்ய வேண்டும். டிஃபரன்ஷியல் ஆயிலைச் சிறிது இறக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உருண்டை வடிவ நக்கிளில் (சக்கரம் திரும்ப உதவும் மூட்டு) கறுப்புக் கூழ் வழிந்தால் ஆக்சில் சீல் போய்விட்டது. இவற்றை மறுக்கும் கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

பழுது தெரிந்த பிறகு, ஃபோர் பை ஃபோர் வண்டிகளுக்கென்றே நடத்தப்படுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பணிமனையில் வேலையைக் கொடுத்தேன். புதிய கிரவுன், பினியன் செட் (டிஃபரன்ஷியலின் ஜோடிப் பல்சக்கரங்கள்), கிங் பின் பேரிங்குகள், சீல்கள், ஹப் உதிரிகள் என்று எழுதி, முன்பணம் வாங்கி, சொன்ன தேதியைப் பலமுறை தள்ளி வண்டியைத் தந்தார்கள். மண் தரையில் ஃபோர் ஹெச்சில் போட்டு நேராக ஓட்டியபோதே ஸ்டியரிங் கனத்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போல வண்டி தயங்கியது. லீவரைத் திரும்ப டூ ஹெச்சுக்குக் கொண்டுவர ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. "புது கியர் செட்டுங்க, ஓட ஓடச் சரியாயிரும்" என்பதுதான் பணிமனைக்காரரின் பதில்.

உக்கடம் மெக்கானிக் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிச் சரியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் அந்த ஆக்சிலின் பல் விகிதம். முன்பக்கம் ஹப்பை லாக் செய்தும், பின்பக்கம் டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்தும் எண்ணிப் பார்த்தபோது இரண்டும் வெவ்வேறாக இருந்தன. பிரித்துப் பார்த்தால், புதிது என்று பில்லில் எழுதிய செட், வேறு மாடல் வண்டியிலிருந்து கழற்றி டீசலில் கழுவி மாட்டப்பட்ட பழையது. முன்னும் பின்னும் விகிதம் மாறினால் வண்டி ஒவ்வோர் அடியிலும் தனக்குத்தானே எதிராக இழுத்துக்கொள்ளும். இப்படியே ஓட்டியிருந்தால் அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிருக்கும். முன் ஆக்சிலில் வேலை செய்துவிட்டு வரும் எந்த வண்டியையும் இந்தச் சாக்பீஸ் சோதனை செய்யாமல் எடுத்து வராதீர்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி, அதை வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு அவை "காயலான் கடைக்குப் போயிருச்சு" என்ற பதில்தான் கிடைத்தது. வழக்கறிஞர் நோட்டீஸ் போன பிறகு பணிமனை கூலியை மட்டும் திருப்பித் தந்தது. உதிரிபாகத் தொகை வரவில்லை.

வண்டியை விற்றவர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. "ஏனுங்க, ஓட்டிப் பாத்துட்டுத்தானுங்களே எடுத்தீங்க? பழைய வண்டிக்கு ஆருங்க கேரண்டி குடுப்பாங்க?" என்று தொடங்கியவர், எழுத்தில் கேட்டபோது தான் வெறும் இடைத்தரகர் என்றார். ஆவணங்களில் அவர் பெயர் எங்குமே இல்லாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். முந்தைய உரிமையாளரிடம் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றாகக் கையெழுத்து வாங்கி வைத்து, அதை நேராக என் பெயருக்கு நிரப்பியிருக்கிறார். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரம் செய்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். உரிமையாளரிடமிருந்து வண்டியை எடுத்ததையும் அங்கே தெரிவித்தாக வேண்டும். கடையில் நுழைந்ததும் அந்தச் சான்றைக் கேளுங்கள். கேட்ட உடனே பேச்சை மாற்றுபவர், நாளை பிரச்சினை வரும்போது தானும் மாறிவிடுவார்.

என் கையில் இருப்பவை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகள், அவருடைய கடைக் கணக்குக்கே வங்கி வழியாகப் போன தொகைக்கான பதிவு, ஆக்சிலைப் பிரித்தபோது தேதியுடன் எடுத்த வீடியோ ஆகியவை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும், விற்ற பொருளுக்கு ரசீது தராமலிருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகளே. கொடுத்த விலை ₹50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். ₹5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்தபோது வியாபாரி அசையவில்லை. ஆணையத்தின் நோட்டீஸ் போன பிறகு மட்டும் சமரசம் பேச ஆள் அனுப்பினார்.

இன்னொரு செலவையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். தனியார் வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள்தான் செல்லும், அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டித்தான் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்க முடியும். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; இரும்பு முன் தடுப்புகளை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கூடாது என்று சொல்லிவிட்டது. எந்த அலங்காரத்துக்காகக் கூடுதல் விலை கேட்டார்களோ, அதையெல்லாம் கழற்றி, பழைய பம்பரும் பழைய அளவு டயரும் தேடி மாட்டிய பிறகுதான் என் வண்டிக்கு நீட்டிப்பு கிடைத்தது. கழற்றிய மூல பாகங்கள் எங்கே என்று வியாபாரியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இதே கடையிலிருந்து போன வேறு ஜிப்ஸிகளிலும் அதே கறுப்பு பம்பரும் சிவப்புக் கொக்கிகளும் இருப்பதை அவர்களுடைய விளம்பரப் படங்களில் பார்க்கிறேன். அப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால், அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் முன் பம்பருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கொக்கியின் போல்ட்டுகள் சேசிஸ் சட்டத்துக்குள் போகாமல் தகட்டிலேயே நின்றுவிட்டால், அந்தக் கொக்கிகளை அன்றைக்கே கழற்றிவிட்டு, உடன் வருபவர்களிடமும் உங்கள் வண்டியில் முன்பக்கம் இழுவைப் புள்ளி இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்.