அகாடமிக் வேர்ட் லிஸ்ட்: 570 குடும்பங்களோடு ஒரு நீண்ட குடித்தனம்

எம்.ஏ. முதலாண்டு சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணிட்டா ஜர்னல் கட்டுரை எல்லாம் புரிஞ்சிடுமா?” புரியாது. ஆனால் அதைத் தூக்கிப் போடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கல்வி சார்ந்த ஆங்கில எழுத்தில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல் என்று நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களைத்தான் சொல்கிறேன். ஒரு தலைச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு பிரிவுகளில் திரட்டிய சுமார் 35 லட்சம் சொற்களிலிருந்து சலித்தெடுத்தவை. கல்லூரிப் பாடநூலில் நூறு சொல்லுக்குப் பத்து இதில் இருக்கும். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்த அன்றாடச் சொற்கள் 2000 குடும்பத்தையும் சேர்த்தால் 86 ஆகும். மிச்சம் 14 சொல்லுக்குப் பொறுப்பு உங்கள் துறை. அதாவது, இரண்டு பட்டியலையும் கரைத்துக் குடித்தவருக்கும் ஏழு சொல்லுக்கு ஒன்று இடறும்.

அடுக்கியிருக்கும் விதம் அருமை. 570-ஐயும் பத்து உட்பட்டியலாகப் பிரித்து, எது அதிகம் வருகிறதோ அது முன்னால். பாடநூல் சொற்களில் முதல் உட்பட்டியலின் 60 குடும்பங்கள் மட்டும் 3.6 விழுக்காடு தருகின்றன. பத்தாவதில் இருக்கும் 30-ம் சேர்ந்து தருவது 0.1 தான். முதல் மூன்று உட்பட்டியலோடு நிறுத்துபவருக்கும் மொத்தப் பயனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடும். ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் கல்விச் சொல்லாக இதில் இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. 1953 பட்டியலில் இல்லாததெல்லாம்தான் இங்கே போட்டிக்கு வர முடியும் என்பது விதி. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் யார் வீட்டில் இருந்தது?

இனி வயிற்றெரிச்சல். ‘குடும்பம்’ என்று ஒரே கூரைக்கடியில் அடைத்திருக்கிறார்களே, அதுதான் வினை. முதல் உட்பட்டியலிலேயே ‘கன்சிஸ்ட்’ குடும்பம். அதற்குள்ளேயே ‘கன்சிஸ்டென்ட்’. இரண்டுக்கும் என்ன உறவு? ‘தி சாம்பிள் கன்சிஸ்ட்ஸ் ஆஃப் 40 ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் மாதிரியில் 40 மாணவர்கள் அடக்கம். ‘தி ரிசல்ட்ஸ் ஆர் கன்சிஸ்டென்ட் வித்...’ என்றால் முடிவுகள் முந்தைய ஆய்வோடு ஒத்துப்போகின்றன. தலைச்சொல்லுக்கு மட்டும் ‘அடங்கியிரு’ என்று பொருள் எழுதிக்கொண்டவர், இரண்டாவது வாக்கியத்தில் எதற்குள் எது அடங்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். ஆய்வுக் கட்டுரையில் நிறைய வருவதோ இந்த இரண்டாவதுதான்.

‘எகனாமிக்’கும் ‘எகனாமிக்கல்’லும் இதே கதை. முன்னது பொருளாதாரம் சார்ந்தது, பின்னது சிக்கனமானது. ‘எகனாமிக்கல் க்ரோத்’ என்று எழுதினால் வளர்ச்சி கஞ்சத்தனமாகிவிடுகிறது. ‘ரிசர்ச்’ குடும்பத்தில் ‘ரிசர்ச்சஸ்’ இருக்கிறது, வினைச்சொல்லாக. அதைப் பன்மைப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ‘மெனி ரிசர்ச்சஸ்’ என்று தொடங்கும் கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. ‘மெனி ஸ்டடீஸ்’ என்று எழுதினால் வேலை முடிந்தது.

பட்டியலில் துணைச்சொல் கிடையாது. ‘கன்சிஸ்ட்’டுக்குப் பின்னால் ‘ஆஃப்’ வரும், அதைச் செயப்பாட்டுவினையில் எழுதக் கூடாது என்பதை அது சொல்லாது. தமிழில் ‘40 பேரால் ஆனது’ என்று யோசிக்கிற கை, ‘இஸ் கன்சிஸ்டட் ஆஃப்’ என்று தானாக எழுதிவிடும்.

இந்தக் குடும்பக் கணக்கை உடைத்து, ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இலக்கண வகையோடு தனித்தனியாக எண்ணிய பட்டியலை கார்ட்னரும் டேவிஸும் 2014-இல் கொண்டுவந்துவிட்டார்கள். 12 கோடிச் சொற்களிலிருந்து எடுத்தது. நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவன் கையில் 60 சொல் கொண்ட ஒற்றைத் தாளைக் கொடுக்கும்போது கிடைக்கிற தைரியத்தை அது கொடுக்கவில்லை. எனவே திட்டிக்கொண்டே பழையதைத்தான் கொடுக்கிறேன், ஒரு நிபந்தனையோடு.

தலைச்சொல்லைப் படிக்காதீர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் அதிகம் வரும் வடிவத்தைச் சாய்வெழுத்தில் காட்டியிருப்பார்கள், ‘அனலைஸ்’ குடும்பத்தில் ‘அனாலிசிஸ்’ போல. நோட்டில் அதை எழுதுங்கள். உங்கள் துறைக் கட்டுரை ஒன்றின் பிடிஎஃப்பில் அந்தச் சொல்லைத் தேடி, கிடைக்கிற முதல் இரண்டு வாக்கியங்களை முழுதாக எடுத்தெழுதி, முன்னும் பின்னும் ஒட்டி வரும் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். தமிழ்ப் பொருளை அந்த வாக்கியத்துக்கு எழுதுங்கள், சொல்லுக்கு அல்ல. ஒரு நாளைக்கு ஐந்து போதும். முதல் தாள் 12 நாளில் முடியும். பத்தாவது தாளை பிரின்ட் எடுக்கவே வேண்டாம், காகிதம் தண்டம்.