சூப் சுமார்தான், டப்பாவின் பின்பக்கத்துக்கு நாலரை நட்சத்திரம்

சூப்பைப் பற்றி ஒரு வரி போதும்: தக்காளி வாசனை இருக்கிறது, உப்பு தூக்கல். நான் மதிப்பெண் போட வந்தது டப்பாவின் பின்னால் கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கும் ஊட்டச்சத்து விவரத்துக்கு.

என் கணவருக்கு இரத்த அழுத்தம். இங்கே அமெரிக்காவில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் என் கண் முதலில் சோடியம் வரிக்குத்தான் போகும். இந்த டப்பாவில் இரண்டு பத்தி. ஒரு பங்குக்கு 690 மில்லிகிராம், முழு டப்பாவுக்கு 1380. பக்கத்திலேயே 30%, 60% என்று போட்டிருக்கிறது. ஒரு நாள் வரம்பு 2300. அரை டப்பா சூப்போடு யார் நிறுத்துகிறார்கள்? அதனால் அந்த இரண்டாவது பத்தி ரொம்ப உபயோகம். திருப்பி வைத்துவிட்டு வேறு டப்பா எடுத்தேன்.

இந்தக் கட்டம் கம்பெனிகள் மனமுவந்து போட்டது இல்லை. 1990 நவம்பர் 8 அன்று கையெழுத்தான சட்டம் போட வைத்தது. அதைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் ஹென்றி வாக்ஸ்மன், கலிபோர்னியாக்காரர், 40 வருடம் உறுப்பினராக இருந்தவர். அவர் பல வருடம் போராடிய தூய காற்றுச் சட்டத் திருத்தமும் சரியாக ஒரு வாரத்தில் கையெழுத்தானது. முன்பு அந்தச் சட்டத்தை நீர்த்துப்போக வைக்க ஒரு மசோதா வந்தபோது, சுமார் 600 திருத்தங்களைக் கடைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக் குழு அறைக்குள் கொண்டுவந்து மறித்தவர் இவர். அந்தப் பிடிவாதத்தை நான் மனதார மதிக்கிறேன். அப்புறம், என் கணவரின் மாத்திரை ஜெனரிக்காக மலிவு விலையில் கிடைக்கிறதே, அதற்கு வழி திறந்த 1984 சட்டத்திலும் செனட்டர் ஹாட்ச் பெயரோடு இவர் பெயர் இருக்கிறது.

அரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன்? பெரிய சிப்ஸ் பாக்கெட்டுகளில் அந்த இரண்டாவது பத்தி கட்டாயமில்லை, நாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். உணவகங்களில் நிலைமை இன்னும் மோசம். 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவை மெனுவில் கலோரி போட்டாக வேண்டும். சோடியம் அங்கே வராது. ஆனால் கேட்டால் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரு கடையில் கவுன்ட்டரில் இருந்த பையனுக்கே அது தெரியவில்லை, மேலாளரைக் கூப்பிட்ட பிறகுதான் தாள் வந்தது. நீங்களும் விடாமல் கேளுங்கள்.